நாலாம் நம்பர் அக்காவின் கண்

பிப்ரவரி 11. ஸ்கேன். 900.
பிப்ரவரி 20. திசுப் பரிசோதனை. 1,150.
ஏப்ரல் 3. ஊசி. 2,400.
மே 6. லேசர் சிகிச்சை, நடக்கவில்லை. போக வர டாக்சி, 360.
மே 9. மறுபடியும் ஊசி. 2,400.
ஜூன் 12. லேசர் சிகிச்சை, நடந்தது. 14,500.
ஜூன் 26. கண் மருத்துவர். 350.
ஜூலை 17. அதே கண் மருத்துவர். 350.
ஆகஸ்ட் 4. நகல் எடுத்த வகையில், 42.

கருப்பைக்குச் செய்த வைத்தியத்தில் கண் மருத்துவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பார்கள். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பேருந்து ஓட்டுநர். அந்தப் பணிமனையில் மொத்தம் முப்பத்தெட்டு ஓட்டுநர்கள், அவர்களில் பெண்கள் மூன்றே பேர். இருபத்தொரு வருடம் ஓட்டியவள் என்பதால் பணிமூப்புப் பட்டியலில் அவளுக்கு இரண்டாவது இடம். முதலிடத்தில் இருந்தவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளரே இரண்டொரு தடவை வாய் தவறி மாமா என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்.

பணிமூப்புக்கு அங்கே ஒரே ஒரு பயன்தான், ஆனால் பெரிய பயன். மார்ச் முதல் தேதியும் செப்டம்பர் முதல் தேதியும் ரூட் எடுப்பு நடக்கும். ஓய்வறைச் சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ரூட் எண் பொறித்த ஒரு தகர வில்லை. டைம்கீப்பர் பட்டியலைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார். கூப்பிட்ட வரிசையில் ஒவ்வொருவராகப் போய்ப் பிடித்த வில்லையைக் கழற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ரூட் அவருடையது.

மாமா எப்போதும் இருபத்தேழைத்தான் கழற்றுவார். அது அணை ரூட். ஊரைத் தாண்டிவிட்டால் சிக்னல் கிடையாது. ஒரு பக்கம் ஆறு கூடவே வரும், மறுபக்கம் மரங்கள். ஒன்றரை மணி நேரம் வண்டி தன் பாட்டுக்குப் போகும். அந்த ரூட்டில் இரண்டு வண்டிகள், ஆகையால் வில்லையும் இரண்டு. முதல் வில்லை மாமாவுக்கு, இரண்டாவது அவளுக்கு என்று நாலு வருடம் அப்படியே நடந்தது. ஐந்தாவது வருடம் அவள் பலகை வரை போனாள், கையைத் தூக்கினாள், இருபத்தேழைத் தாண்டிக் கீழ் வரிசைக்குப் போய் நாலாம் நம்பரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலாம் நம்பர் கடைத்தெருவிலிருந்து ரயில் நிலையம் வரை. முப்பத்தைந்து நிமிடம், பதினோரு சிக்னல், ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு ஏறும் கூட்டம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் தலையில் கட்டுகிற ரூட் அது. அதற்கு ஒரே ஒரு பெருமை, இரண்டு முனையிலும் கழிப்பறை உண்டு.

“சீனியாரிட்டியை வெச்சுக்கிட்டு நாலாம் நம்பரை எடுக்கறது, விடியக்காலைல கடை வாசல்ல முதல் ஆளா நின்னு காலிப் பை வாங்கிட்டு வர்ற மாதிரி,” என்றான் ஓர் இளம் ஓட்டுநர். மழைக்காலத்திலும் கழற்றாததால் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர். நடுவில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுப் பக்க ரூட்டையே பிடித்துக்கொண்டதால், அவள் விட்ட இருபத்தேழு அவனிடம்தான் வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அவள் நாலாம் நம்பர் அக்கா ஆனாள்.

காரணம் அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். மாதத்தில் ஐந்து நாள் என்று இருந்தது ஏழாகி, ஏழு பத்தாகி, பத்து பன்னிரண்டானது. சொட்டுச் சொட்டாக அல்ல, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. இருக்கையில் ஒரு துண்டு, துண்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, கறுப்புக் கால்சட்டை, பையில் மாற்றுக் கால்சட்டை ஒன்று. இத்தனையும் இருந்தும் ஒரு நாள் அணையடியில் வண்டியை நிறுத்தியவள் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பயணிகள் எல்லோரும் இறங்கி, நடத்துநர் தேநீர் குடிக்கப் போன பிறகு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி இருக்கையைக் கழுவினாள். அடுத்த ரூட் எடுப்பில்தான் கை கீழ் வரிசைக்குப் போனது.

மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே வளையம் வைத்தார்கள். அது நாலாம் மாதம் தானாக வெளியே வந்துவிட்டது. அவளுடைய அக்கா தொலைபேசியில் வாரம் ஒரு முறை அதே பாட்டைப் பாடுவாள்: “எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருடி. நான் எடுத்துட்டு நல்லா இல்லையா? இனிமே அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?” எடுத்துப் போடலாம்தான். ஆனால் எடுத்தால் மூன்று மாதம் கனரக வண்டியின் கிளட்சை மிதிக்கக் கூடாது. அறுபது நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் பணிமூப்பு அழிந்து பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது பணிமனை விதி. அப்புறம் ஆயுசுக்கும் இருபத்தேழு கிடையாது.

பிப்ரவரியில் ஒரு வழி தெரிந்தது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, திசுப் பரிசோதனையிலும் கெட்டது எதுவும் இல்லை என்று ஆனதும், டாக்டரம்மா ஒரு தாளில் தலைகீழ் முக்கோணம் ஒன்றை வரைந்தார்.

“கருப்பைக்கு உள்ளே இப்படித்தான் இருக்கும். மூணு மெல்லிய கம்பியை உள்ளே விடுவோம், விசிறி மாதிரி விரியும். அது வழியா லேசர் ஒளி வரும். அந்தச் சூட்டுல உள்படலம் வெந்துபோயிடும். இந்த ரத்தமெல்லாம் அந்தப் படலத்துலேர்ந்துதான் வருது. கத்தி இல்லை, தையல் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். ஒரு வாரத்துல வண்டி ஓட்டலாம்.”

“எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?” என்று புருஷன் கேட்டார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்.

“உள்ளே போனதும் ஏழு நிமிஷம்.”

“ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மாத்தவே எனக்கு அரை மணி நேரம் ஆகுதே.”

“கதவு ரப்பரைக் கண்ணால பார்த்து மாத்தறீங்க. இங்கே பெட்டி கணக்குப் போட்டுச் சூடு குடுக்குது,” என்றார் டாக்டரம்மா. பிறகு அவளைப் பார்த்து, “எல்லாருக்கும் அடியோட நின்னுடும்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலானவங்களுக்கு நல்லாக் குறையும். இதுக்கப்புறம் குழந்தை உண்டாகக் கூடாது, அது ஆபத்து,” என்றார்.

“அதுக்கு நான் எப்பவோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்,” என்று புருஷன் ஏதோ பரிசு வாங்கியவர் போலச் சொன்னார்.

படலத்தை முதலில் மெலிய வைக்க வேண்டும், அதற்கு ஓர் ஊசி. ஏப்ரலில் அதைப் போட்டுக்கொண்டவள் உடம்புக்குள் அடுப்பை வைத்தது போல ஆகிவிட்டாள். சிக்னலுக்குச் சிக்னல் முகத்தைத் துடைத்தாள். “ஏசி போடக் கூடாதா டிரைவரம்மா?” என்று ஒரு பயணி கேட்டார். “இருந்தா எனக்கு முதல்ல போட்டுக்க மாட்டேனா?” என்றாள்.

மே ஆறாம் தேதி விடியற்காலையிலிருந்து வயிற்றைக் காயப் போட்டு, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு பதினோரு மணி வரை படுத்திருந்தாள். நர்ஸ் வந்து தலைமாட்டில் நின்றாள்.

“இன்னிக்கு ஆகாதும்மா. மூணு கம்பியில ஒண்ணு எரியலை.”

“மத்த ரெண்டு?”

“ரெண்டை வெச்சுப் போட்டா ஒரு பக்கம் வேகாம நின்னுடும்.”

அதில் அவளுக்குக் கோபம் இல்லை. ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்காத வண்டியை அவளும் வெளியே எடுக்க மாட்டாள். “வேற கம்பி?” என்று கேட்டாள்.

“வரணும்.”

“எப்ப வரும்?”

“வந்ததும் சொல்றோம்.”

இந்த ‘சொல்றோம்’ அந்த வருடம் முழுக்க அவளை விடவில்லை. கம்பி வருவதற்குள் ஊசியின் வேகம் தீர்ந்துவிடும் என்று இன்னோர் ஊசி போட்டார்கள். பணம் கட்டும் ஜன்னலில் புருஷன் வழக்கடித்தார். “கம்பி உங்களுது. ஊசிக் காசு மட்டும் எங்களுதா?” ஜன்னலுக்குள் இருந்தவர், “ஊசி அவங்க உடம்புக்குத்தானே போட்டோம்?” என்றார். கடைசியில் கட்டினார்கள். இன்னொரு மாதம் உள்ளே அடுப்பு எரிந்தது.

ஜூன் பன்னிரண்டில் எல்லாம் டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. மயக்கம் தெளிந்தபோது அடிவயிற்றைப் பிழிந்து முறுக்கின மாதிரி வலித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். சில நாள் தண்ணீராகக் கசிந்தது, பிறகு அதுவும் குறைந்தது. அதற்கு அடுத்த மாதம் ஒரே ஒரு நாள், துணியில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்குப் பிறகு வெள்ளைப் போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

வைத்தியம் இப்படி முடிந்தது. வினை ஆரம்பித்தது லேசருக்கு இரண்டு நாள் முன்னால், விடுப்புச் சீட்டில்.

ஜூன் பத்தாம் தேதி டைம்கீப்பர் ஜன்னலில் நின்று சீட்டை நிரப்பினாள். ‘சிகிச்சையின் வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. பின்னால் கூலிங்கிளாஸும் இன்னும் நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். எழுதுவதை எட்டிப் பார்க்காத வரிசை உலகத்தில் எங்கும் இல்லை. ‘லேசர் சிகிச்சை, ஏழு நாள் ஓய்வு’ என்று எழுதினாள். பொய் இல்லை. உடம்பில் எந்த இடம் என்று சீட்டு கேட்கவும் இல்லை.

டைம்கீப்பர் கெட்டவர் அல்ல, கவனக்குறைவானவரும் அல்ல. அந்தப் பணிமனையில் அவருக்குத் தெரிந்து மூன்று பேர் லேசர் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரையால் கண்ணில் கசிவு, ஒருவர் கண்ணாடி போடப் பிடிக்காதவர், மூன்றாமவருக்குக் கண் அழுத்தம். ஓட்டுநர் என்றால் லேசர், லேசர் என்றால் கண். ஓட்டுநர்களின் உடல்நலப் பதிவேட்டில் அவள் எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் ‘கண், லேசர்’ என்று அழகாக எழுதினார். கண்ணுக்கு வைத்தியம் செய்துகொண்டவர் மருத்துவக் குழுவின் தகுதிக் கடிதம் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது விதி. அவள் வருவதற்குள் கடிதம் வந்துவிடட்டுமே என்ற நல்ல எண்ணத்தில் அன்றைக்கே குழுவுக்குக் குறிப்பும் அனுப்பிவிட்டார்.

ஜூன் இருபதாம் தேதி அவள் வேலைக்கு வந்தபோது பணிப் பலகையில் அவள் எண் இல்லை.

“வாங்கக்கா. கண்ணு எப்படி இருக்கு?” என்றார் டைம்கீப்பர்.

“எந்தக் கண்ணு?”

“ரெண்டுலயுமா பண்ணாங்க? நான் ஒண்ணுன்னு இல்ல நினைச்சேன்.”

பின்னாலிருந்து கூலிங்கிளாஸ் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான். “இதைப் போட்டுக்கங்கக்கா. வெயில் படக் கூடாதாம், எங்க சித்தப்பாவுக்குச் சொன்னாங்க.” பிறகு மூன்று விரலை விரித்து, “இது எத்தனைன்னு சொல்லுங்க பார்ப்போம்,” என்றான்.

அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் ஆண்கள். அந்த இடத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். கண்தான் நன்றாக இருக்கிறதே. ஒரு கண் டாக்டரிடம் போய் நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

“நல்லா இருக்கு,” என்றாள்.

அவள் செய்த தப்பு அந்த இரண்டு வார்த்தைதான்.

கண் மருத்துவர் வயதானவர். விளக்கைக் காட்டி, லென்ஸ் வைத்து, இமையைத் திருப்பி எல்லாம் பார்த்தார். “லேசர் எங்கே பண்ணீங்க?” என்றார்.

“பெரிய ஆஸ்பத்திரியிலே.”

“யாரும் இந்தக் கண்ணுல கையே வைக்கலையே.”

“பார்வை நல்லா இருக்கான்னு மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர்.”

அவர் எழுதிக் கொடுத்தார். ‘இரு கண்களிலும் பார்வை இயல்பாக உள்ளது’ என்ற முதல் வரியைப் படித்த சந்தோஷத்தில் அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். இரண்டாவது வரியில், ‘இரு கண்களிலும் லேசர் சிகிச்சை செய்த தடம் எதுவும் இல்லை’ என்று இருந்ததை மருத்துவக் குழு படித்தது. ஜூலை பதினாலாம் தேதி பதில் வந்தது. லேசர் சிகிச்சை என்று ஏழு நாள் விடுப்பு எடுத்த ஓட்டுநருக்கு அப்படி ஒரு சிகிச்சை நடந்த தடமே இல்லை என்று தெரிகிறது, விளக்கம் தரவும்.

உடம்பு சரியில்லாதவள் என்றிருந்த பெயர் இப்போது பொய் விடுப்பு எடுத்தவள் என்று ஆகிக்கொண்டிருந்தது. மறுபடி கண் மருத்துவரிடம் போனாள். இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொன்னாள்.

“முடியாதும்மா,” என்றார் அவர். “நடக்காத ஆபரேஷன் நல்லா ஆறிடுச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்?”

“எழுத வேண்டாம். சும்மா விட்டாப் போதும்.”

“சும்மா விட்டாலும் அதே அர்த்தம்தானே?”

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வருடம் அவள் எதிரில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அத்தனை நியாயமும் சேர்ந்து அவளை விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தது. தகுதிக் கடிதம் வராதவர்களுக்கு அங்கேதான் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும், பயணிகள் விட்டுவிட்டுப் போன குடைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் எடுத்து வைக்க வேண்டும். ஓட்டும்போது துண்டு விரித்துத் துண்டு விரித்து உட்கார்ந்தவள், இப்போது துண்டே தேவையில்லாத உடம்போடு மர நாற்காலியில் உட்கார்ந்து, “நாலாம் நம்பர் இப்பத்தான் போச்சு, அடுத்தது பத்து நிமிஷத்துல,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செப்டம்பர் முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குள் கடிதம் வராவிட்டால் அவளைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

“டைம்கீப்பரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடேன்,” என்றார் புருஷன்.

“சொன்னா எழுதுவான். எழுதினா எல்லாரும் படிப்பாங்க. சிவப்பு மையில வேற எழுதுவான்.”

“அப்ப நான் வந்து சொல்லட்டுமா?”

“எதுக்கு, உங்க ஆபரேஷனையும் சேர்த்துச் சொல்லவா?”

ஆகஸ்ட் நாலாம் தேதி ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு மருத்துவக் குழு அலுவலகத்துக்கே போனாள். குமாஸ்தா மேல் தாளைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார்.

“இது பெண்கள் நோய்ப் பிரிவுத் தாள். கண் பிரிவுத் தாள் எங்கே?”

“கண் பிரிவுக்கு நான் போகவே இல்லையே.”

“அப்ப லேசர் எங்கே பண்ணாங்க?”

“அதுலதான் எழுதியிருக்கு. படிங்க.”

அவர் உதட்டை அசைத்துப் படித்தார். அந்தச் சொல்லுக்கு வந்ததும் உதடு நின்றது, காது சிவந்தது. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பது போலத் தாளை மேசையில் வைத்தார்.

“வெச்சுட்டுப் போங்கம்மா. டாக்டர் பார்ப்பார்.”

“எப்ப பார்ப்பார்?”

“பார்த்ததும் சொல்றோம்.”

செப்டம்பர் முதல் தேதி வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று காலை ஓய்வறையில் எல்லோரும் கூடினார்கள். மேலாளர் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். டைம்கீப்பர் மாமாவைக் கூப்பிட்டார். மாமா போய் வழக்கம் போல இருபத்தேழைக் கழற்றினார். அடுத்து டைம்கீப்பரின் விரல் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிப் போனது, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்.

“என்னை விட்டுட்டீங்க,” என்றாள் அவள்.

“கடிதம் வரலையேக்கா. கண்ணு விஷயம், எங்க கையில இல்லை.”

“பலகையாவது தெரியுதாக்கா?” என்று கூலிங்கிளாஸ் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. இருபத்தொரு வருடம் பயணிகளிடம் பின்னால் தள்ளி நிற்கச் சொன்ன குரல்தான்.

“கண்ணு இல்லை. கருப்பை. எனக்கு மாசத்துல பன்னிரண்டு நாள் ரத்தம் போச்சு. உள்ளே இருக்கற படலத்தை லேசர் வெச்சுச் சுட்டு எடுத்தாங்க. இப்ப நின்னுடுச்சு. அணை ரூட்டுல வழியில ஒதுங்க இடம் கிடையாது. அதனாலதான் நாலாம் நம்பரை எடுத்தேன். கண்ணு எனக்கு நல்லாவே தெரியுது. உன் மூக்கு மேல இருக்கற கண்ணாடியில விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கறது வரைக்கும் தெரியுது.”

கூலிங்கிளாஸின் கை தானாக மூக்குக்குப் போனது. சிரித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். டைம்கீப்பர் தன் சிவப்புப் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

“சீட்டுல எழுதியிருக்கலாமேக்கா,” என்றார் மெதுவாக.

“நீங்க கேட்டிருக்கலாமே.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “நீங்க சொல்றது உண்மையாத்தாம்மா இருக்கும். ஆனா எதுவா இருந்தாலும் குழுக் கடிதம் வரணும். நான் என்ன பண்ண?” இதுவும் நியாயம்தான்.

ஒவ்வொருவராக எடுத்தார்கள். தன் முறை வந்தபோது கூலிங்கிளாஸ் இரண்டாவது இருபத்தேழின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கழற்றிக்கொண்டான். முப்பத்தேழு பேரும் எடுத்து முடித்தபோது பலகையில் ஒரே ஒரு வில்லை தொங்கியது. நாலாம் நம்பர். இரண்டு முனையிலும் கழிப்பறை உள்ள ரூட், அது தேவைப்படாத ஒரே ஆளுக்கு வந்து சேர்ந்தது. கடிதம் வரும்வரை அதையும் ஓட்ட முடியாது.

மறுநாள் மத்தியானம் விசாரணை ஜன்னலுக்கு மாமா வந்தார். குடையைத் தேடுபவர் போல உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நாலாம் நம்பர்ல ரயில் நிலையத்துக் கழிப்பறை சுத்தமா இருக்குமா?”

“காலைல இருக்கும் மாமா. ஏன்?”

அவர் தோள்பையிலிருந்து ஒரு வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதி எடுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே வைத்துக்கொண்டார். “ஆம்பளைங்களுக்கு வயசானா வர்ற கோளாறு. முக்கால் மணிக்கு ஒரு தடவை போயே ஆகணும். அணை ரூட் ஒன்றரை மணி நேரம். ரெண்டு வருஷமா இதைக் கூடவே சுமந்துக்கிட்டு இருக்கேன்.”

“அப்புறம் ஏன் அதையே எடுத்தீங்க?”

“முதல் ஆளு நாலாம் நம்பரை எடுத்தா ஏன்னு கேப்பாங்களே. நீ எடுத்தப்பவே கேட்டாங்க, பார்த்தியா? நேத்து நீ எல்லார் முன்னாலயும் சொன்னே. ராத்திரி வீட்டுக்குப் போய் எனக்கே வெட்கமாப் போச்சு.” பாட்டில் இருந்த பையைத் தட்டினார். “மாத்திக்கலாமா?”

மாற்றிக்கொள்ள விதி இருந்தது. ரூட் எடுத்த மாதத்தின் கடைசி தேதிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் வில்லையை மாற்றிக்கொள்ளலாம். இருவருடைய உடல் தகுதியும் ஏட்டில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இருவரும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். டைம்கீப்பர் பதிவேட்டைத் திறந்து, ‘கண்’ என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘கருப்பை’ என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். சிவப்பு மைதான். அவளிடம் காட்டி, “சரியாக்கா?” என்று கேட்டார்.

“சரி. கடிதம்?”

“நானே தினம் போன் பண்றேன்.”

பண்ணினார். தாள் டாக்டர் மேசையில் இருக்கிறது என்றார்கள். டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். கண் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டின் தாளும் ஒரே கோப்பில் இருப்பதால் எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார்கள். அவளும் இரண்டு தடவை நேரில் போனாள். டாக்டரம்மா தன் கைப்பட, இந்தச் சிகிச்சைக்கும் கண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இவர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்ததைக் குமாஸ்தாவிடம் சேர்த்தாள். அவர் இந்தத் தடவை படிக்கவே இல்லை, படித்தால் காது சிவக்கும் என்று தெரிந்துவிட்டதால். “கையெழுத்து ஆனதும் சொல்றோம்,” என்றார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை, மாற்றுச் சீட்டு டைம்கீப்பர் மேசையில் விரித்தபடி இருந்தது. தபால்காரர் மூன்று மணிக்கே வந்துபோயிருந்தார். தனியாக ஆள் மூலம் அனுப்புவார்களோ என்று மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு டைம்கீப்பர் இழுப்பறையைத் திறந்து சீட்டை உள்ளே வைத்தார். பூட்டுகிற சத்தம் கேட்காதபடி மெதுவாகப் பூட்டினார்.

“விடும்மா,” என்றார் மாமா. “பிப்ரவரியோட நான் ரிட்டயர்டு. மார்ச்சுல நீதான் முதல் ஆளு. யாரும் உன்னைத் தாண்ட முடியாது.”

“அது வரைக்கும் நீங்க என்ன பண்ணுவீங்க மாமா?”

“பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ச் மாதத்துக்குள் எந்தச் சீட்டில் எந்தக் கட்டம் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள். விசாரணை ஜன்னலைச் சாத்தினாள். யாரும் கேட்டு வராத பதினாறு குடைகளை மூலையில் அடுக்கி வைத்தாள். வீட்டுக்கு நாலாம் நம்பரில், பின் இருக்கையில் உட்கார்ந்து போனாள்.

கடிதம் வராமல் இல்லை. வந்தது. டைம்கீப்பர் பிரித்து, முதலில் தான் படித்து, பிறகு ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். இரண்டே வரி. ‘மேற்படி ஓட்டுநரின் இரு கண்களும் லேசர் சிகிச்சைக்குப் பின் நன்கு குணமடைந்துள்ளன. இவர் வாகனம் ஓட்டத் தகுதியானவர்.’ கீழே மருத்துவக் குழுவின் முத்திரை. கையெழுத்தான தேதி செப்டம்பர் 22. வந்து சேர்ந்த தேதி அக்டோபர் 3.